பிரிட்ஜ் மேல் ஒரு கவர்

ஸ்ரீரங்கம்
5-8-2024

சௌபாக்யவதி ஸ்ம்ருதிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று வழக்கம்போல் கேட்க முடியவில்லை. இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நேற்று மன்னார்புரம் வந்தபோது, கேட்டே தீருவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வந்து, சாத்தமுதை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பேப்பர் படித்தேன். உங்கள் ஹால் ஃபேன் சத்தம் போடுகிறது, பார்க்கச் சொன்னேன். கிளம்பிவிட்டேன். காவிரிப் பாலம் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நீ ரிசர்வேஷன் கவுண்டரில் மயங்கி விழுந்ததை மாப்பிள்ளை ரகுராம்தான் போனில் சொன்னார். ஸ்கேனில் கட்டி தெரிகிறது, டாக்டர் ஆபரேஷன் என்கிறார் என்றார். எந்த இடத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த விஷயத்தை உன்னிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. உன் அம்மா இருந்தால் பேசியிருப்பாள். உனக்குப் பதினோரு வயதாகும்போதே வைஜயந்தி போய்விட்டாள். காகிதம் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. நீயும் எழுது.

வழக்கமான மாத்திரையை இதனுடன் வைத்திருக்கிறேன். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு.

ஆசீர்வாதங்களுடன்,
வேதாந்தம்


மன்னார்புரம்
9-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்ம்ருதியின் நமஸ்காரங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்கிறீர்களா, இல்லை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு வெறும் காலோடு இருக்கிறீர்களா?

ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் தூரத்துக்குத் தபால் என்றதும் போஸ்ட்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இருக்கட்டும். போனில் உங்களிடமிருந்து எனக்குக் கிடைப்பது 'ம்', 'சாப்ட்டியா', 'வெச்சுடறேன்' மூன்றுதான். இந்தக் கடிதத்தில் இருபது வரி இருந்தது.

கேட்டதால் சொல்கிறேன். அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சதை வெளியிலும் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் ரத்தம் விடுகிறது. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, இடது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டருக்குக் கட்டியாக நிற்கிறது. குடலோடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். துளை போட்டு எடுக்கலாம் என்கிறார் டாக்டர் ஷரபுன்னிசா. எடுத்தால் வலி குறையும். ஆனால் கட்டியோடு சேர்ந்து சினைப்பையும் கொஞ்சம் போகும், முட்டைகள் குறையும், குழந்தைக்கு அது நல்லதல்ல. திரும்பவும் வளரலாம். எடுக்காமல் ஹார்மோன் மாத்திரையில் காலம் தள்ளலாம். ஆனால் அதைச் சாப்பிடும்வரை குழந்தை தங்காது. கல்யாணமாகி நாலு வருஷம், எனக்கு முப்பத்திரண்டு. நாங்கள் போய்ப் பார்த்த இன்னொரு டாக்டர், முதலில் டெஸ்ட் டியூப் முயற்சி செய்யுங்கள், கத்தி அப்புறம் என்கிறார். முடிவு உங்களுடையது என்று எல்லோரும் மரியாதையாக என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்கள்.

வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு என்றேன். அவர் நம்பாமல், இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை வயதிலிருந்து மாத்திரை, யார் கொடுத்தது என்றும் கேட்டார். கடையில் வாங்குவேன் என்றேன். பொய் இல்லையே.

கவர் வந்து சேர்ந்தது. நம் வீட்டு வழக்கப்படி பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

நமஸ்காரங்களுடன்,
ஸ்ம்ருதி


ஸ்ரீரங்கம்
15-8-2024

சௌ. ஸ்ம்ருதிக்கு ஆசீர்வாதம். தைலம் தடவிக்கொண்டேன். நீ சொன்னதற்காக.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். வலி நாலு என்றுதானே சொல்லியிருக்கிறாய். நாலு என்பது மாத்திரையில் அடங்கும் வலி. அதற்குப் போய் வயிற்றைத் துளைப்பானேன்? மருந்து கம்பெனி ஆள் ஹரிஹரசுதனிடம், யாருக்கோ என்பதுபோல் விசாரித்தேன். அந்தக் கட்டி எடுத்தாலும் திரும்ப வருவது உண்டு என்றான்.

எனக்குக் கத்தி என்றால் பயம். மறைப்பானேன். உன் அம்மாவைப் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது, 'சாதம் வடிச்சு மூடி வெச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள குழந்தைக்குப் போட்டுடுங்கோ' என்றாள். மயக்கம் தெளியவே இல்லை. சாதாரண ஆபரேஷன் என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.

நீ சின்ன வயதிலிருந்தே தைரியசாலி. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரு நாள்கூட லீவு போடாமல் போனதற்கு ஸ்கூலில் கொடுத்த சர்டிபிகேட் இன்றும் கடையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டுவேன். அப்பேர்ப்பட்டவள் இதையும் தாங்குவாய்.

இன்னொரு கவர் வைத்திருக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
வேதாந்தம்


மன்னார்புரம்
3-9-2024

அப்பாவுக்கு நமஸ்காரம். நேற்று முன்தினம் வந்தபோது சௌக்கியமாகத்தான் தெரிந்தீர்கள். நான் எப்படித் தெரிந்தேன் என்று நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வலி எத்தனை என்று நோட்டில் எழுதிய பிறகுதான் மாத்திரை போடவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அதனால் இந்த மாதம் முன்கூட்டியே போடவில்லை. வியாழக்கிழமை கவுண்டரில் இருந்தேன். ஒரு தாத்தா சென்னைக்கு லோயர் பெர்த் கேட்டார். அவருக்குச் சரியாகவே கொடுத்தேன், மீதிச் சில்லறையும் சரி. அதற்கப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கவுண்டர் அல்ஷிஃபாதான் ஆட்டோ பிடித்துக்கொண்டுவந்து விட்டாள். பாத்ரூம் தரை ஜில்லென்று இருந்ததால் அங்கேயே படுத்துக்கொண்டேன். ரகுராம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நோட்டில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். பத்து என்று எழுத மனம் வரவில்லை, இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்துவிட்டால் என்ன செய்வது?

அப்பா, நான் சொன்ன நாலு, மாத்திரை போட்ட நாலு. அந்த வலி முழுசாக எவ்வளவு உயரம் என்று முப்பத்திரண்டு வயதில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பதிமூன்று வயதிலிருந்து, அது வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பிரிட்ஜ் மேல் கவர் வந்துவிடும். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த உங்கள் கடைக் கவர். பேனாவால் டிக் போட்டிருக்கும். நான் ஸ்கூலுக்கு லீவு போடாததற்கு என் தைரியம் காரணமில்லை.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட 'வலிக்கறதா' என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். போடவில்லை.

ஸ்ம்ருதி


மன்னார்புரம்
27-9-2024

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குத் தளிகை பண்ணிச் சாப்பிடுகிறீர்களா?

மூன்று ஞாயிறாக வரவில்லை. கடிதமும் இல்லை. புரட்டாசி சனிக்கிழமை, கோயில் கூட்டம், கடையை விட்டு அசைய முடியவில்லை என்று ரகுராமிடம் சொன்னீர்களாம். சனிக்கிழமை சரி. ஞாயிற்றுக்கிழமை என்ன கூட்டம்?

அக்டோபர் பாதிக்குள் டாக்டரிடம் முடிவு சொல்லவேண்டும். இந்த மாதம் வலி ஏழு. அதனால் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் நான்தான் பெரிதுபடுத்தினேனோ? எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே, தாங்கத் தெரியாதவள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டால்? குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பிறக்கவேண்டுமே. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

நீங்கள் எனக்குப் பதில் சொல்லவேண்டாம். ஃபேனையாவது வந்து பாருங்கள். இன்னும் சத்தம் போடுகிறது.

நமஸ்காரங்களுடன்,
ஸ்ம்ருதி


மன்னார்புரம்
9-10-2024

அப்பாவுக்கு அநேக நமஸ்காரம்.

இன்று டாக்டரைப் பார்க்கப் போனேன். வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன். நோட்டை நீட்டினால், அவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உங்க அப்பா முந்தாநாள் வந்திருந்தாங்க" என்றார்.

டோக்கன் நாற்பத்தேழாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்மனாட்டிகள் நடுவில், நெற்றியில் திருமண்ணோடு, பதினாறு காலண்டர்களைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். பேஷன்ட் யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, 'நான் இல்லை' என்று மட்டும் சொன்னீர்களாம்.

டாக்டர் அந்தக் காலண்டர்களைப் பரிசோதனைக் கட்டில் மேல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். கடையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர்கள். 2005 தை மாதத்திலிருந்து, எனக்குக் கல்யாணமான 2020 வரை. மாதத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பொடியாக ஓர் எண். முதல் வருஷம் நாலு, நாலு, நாலு. அப்புறம் ஆறு. நான் காலேஜ் போகும்போது பத்து. கடைசியில் பதினெட்டு. அது எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்பது. எனக்கே தெரியாது, அப்பா. நான் எண்ணியதே இல்லை.

டாக்டர் சொன்னார்: "உங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அவங்களும் ஒண்ணும் கேக்கல. நான்தான் குடுத்தேன்னு மட்டும் சொன்னாங்க. உங்க நோட்டுல இருக்கறது ரெண்டு மாசம்மா. இதுல இருக்கறது உங்க வயசுல பாதி. நீங்க பெரிசுபடுத்தறீங்களோன்னு உங்களுக்குத்தான் சந்தேகம். எனக்கு இல்ல."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

எழுதுங்கள் அப்பா.

ஸ்ம்ருதி


ஸ்ரீரங்கம்
13-10-2024

என் கண்ணே ஸ்ம்ருதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். சரீரத்துக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத ஐந்து தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. காலண்டரைத் தூக்கிக்கொண்டு போனது அதனால்தான். முதலில் வேறு யாரிடமாவது சொல்லிப் பழகவேண்டியிருந்தது.

அம்மா இல்லாத வீட்டில் நீ பெரியவளானாய். அந்த மூன்று நாளும் நீ பெருமாள் விளக்கு ஏற்ற மாட்டாய். சாயங்காலம் நான் கடையிலிருந்து வரும்போது விளக்கு ஏற்றாமல் இருந்தால் புரிந்துகொள்வேன். நானே ஏற்றிவிட்டுத் தளிகை பண்ணப் போய்விடுவேன். மறுநாள் கடைக் காலண்டரில் புள்ளி வைப்பேன். அடுத்த மாதம் அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் கவர். உன்னிடம் பேசாமல் உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. கல்யாணத்துக்கு அப்புறம் தேதி தெரியாது. ஆகவே ஞாயிறுதோறும் கொண்டுவந்து வைத்தேன்.

நாலு ஆறானபோது, வளர்கிற பெண் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு பத்தானபோது சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆனந்தவள்ளி என்று ஓர் அம்மாள், மூன்றாவது மாதமாகத் தன் பெண்ணுக்கு அதே மாத்திரை கேட்டு வந்தாள். "இனிமே தரமாட்டேன், மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்கோ" என்று கண்டிப்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது என் பையில் உன் கவர் இருந்தது.

ஊரார் பெண்ணுக்குத் தெரிந்த நியாயம் என் பெண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். ஆமாம் என்றால் டாக்டர். டாக்டர் என்றால் ஆபரேஷன். வைஜயந்தியை அனுப்பிவிட்டு வாசலில் நின்ற மாதிரி உன்னையும் அனுப்பிவிட்டு நிற்க எனக்குத் திராணி இல்லை. என் பயத்துக்கு உன்னை மாத்திரை சாப்பிட வைத்தேன். இதுதான் நடந்தது.

சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டேன். ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நீ எதைச் சொன்னாலும் கூட நிற்பேன்.

இந்தத் தடவை கவர் வைக்கவில்லை.

உன் அப்பா,
வேதாந்தம்


மன்னார்புரம்
21-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரங்கள். மனசு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எனக்கு உங்கள் முழங்காலைவிட அதுதான் கவலை.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் இது ஆறு சென்டிமீட்டர் ஆகியிருக்காதோ என்று ராத்திரியெல்லாம் ஓடுகிறது. இது சீக்கிரம் போகாது. ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்கூலில் மற்றப் பெண்களுக்கு அம்மா இருந்தார்கள். எனக்குப் பிரிட்ஜ் மேல் கவர் இருந்தது. அதைப் பார்த்ததும், இந்த வீட்டில் ஒரு மனுஷருக்கு என் வலி தெரிந்திருக்கிறது என்று இருக்கும். அதுவும் நிஜம்தான்.

ரகுராமிடம், உங்களுக்கு என்ன வேண்டும், நேராகச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன். இத்தனை நாள் 'உன் இஷ்டம், உன் இஷ்டம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் சொன்னார்: "எனக்குக் கொழந்தை வேணும்தான். ஆனா அந்த பாத்ரூம் கதவுக்கு வெளில உக்காந்திருக்கறப்போ கொழந்தை ஞாபகமே வரல. நீ கதவைத் திறந்தா போறும்னு இருந்தது."

எனக்கும் அதேதான், அப்பா. குழந்தைக்காக இதைத் தள்ளிப்போடலாமா, குழந்தைக்காக இதைச் செய்யலாமா என்றே இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்காக என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. உங்கள் காலண்டரில் என் வலி மட்டும்தானே இருந்தது.

ஆபரேஷன் செய்துகொள்கிறேன். சினைப்பையை முடிந்த அளவு காப்பாற்றுவேன் என்கிறார் டாக்டர். உத்தரவாதம் கேட்டேன், தரமாட்டேன் என்றார். அதனாலேயே அவரை நம்புகிறேன். நவம்பர் 18, திங்கட்கிழமை.

வாருங்கள். வரும்போது வாயை ஸ்ரீரங்கத்தில் வைத்துவிட்டு வராதீர்கள்.

நமஸ்காரங்களுடன்,
ஸ்ம்ருதி


ஸ்ரீரங்கம்
14-11-2024

சௌ. ஸ்ம்ருதிக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது. ஒளிக்காமல் எழுதிவிட்டேன், நீ சிரித்தாலும் சரி.

திங்கட்கிழமை கடை கிடையாது என்று போர்டு எழுதி வைத்தாயிற்று. தாயார் சந்நிதியில் சேவித்தேன். இன்னதைக் கொடு என்று கேட்கத் தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன். முதல் பஸ்ஸில் கிளம்பி ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். சாதம் எதுவும் வடித்துவிட்டுப் போகாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வேதாந்தம்


மன்னார்புரம்
1-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்ம்ருதியின் அநேக நமஸ்காரம். இரண்டு வாரமாகத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று ரகுராம் சிரிக்கிறார். நேரில் சொன்னால் நீங்கள் ஃபேனைப் பார்ப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தையல் பிரித்தாயிற்று. கட்டி முழுதும் வந்துவிட்டது, குடலையும் பிரித்துவிட்டார்கள். இடது சினைப்பையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சியிருக்கிறது. குழந்தை உண்டா என்று ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள் என்கிறார் டாக்டர். திரும்ப வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். வந்தால் பார்ப்போம் என்றார். பார்ப்போம்.

நான் எழுத வந்தது ஆபரேஷன் ஆன திங்கட்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. எனக்கு அரைமயக்கம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எல்லாம் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். வார்டு ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்றீர்கள். தண்ணீர் பாட்டிலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தீர்கள். இந்த ஜன்மத்தில் இவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது, ஆறு கட்டில் இருக்கிற பொம்மனாட்டிகள் வார்டில், கடையில் ஸ்டாக் கேட்கிற குரலில் கேட்டீர்கள். "ஸ்ம்ருதி, வலிக்கறதாம்மா?" எதிர்க்கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

உங்களிடம் இதை ஒரு நாள் ஒப்புக்கொள்ளவேண்டும். 'இல்லைப்பா' என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை வருஷம் நானும்தான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்க பயந்தீர்கள். கேட்டிருந்தால் அப்போது நான் ஆமாம் என்று சொல்லியிருப்பேனா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"வலிக்கறதுப்பா. எட்டு."

உங்கள் கை சட்டைப் பைப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "எங்கேடா வலிக்கறது, சொல்லு" என்றீர்கள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். சாத்தமுது ரகுராம் வைக்கிறார், உப்பு கொஞ்சம் கூட இருக்கும். ஃபேனைச் சரி பண்ணியாயிற்று.

நமஸ்காரங்களுடன்,
உங்கள் ஸ்ம்ருதி